ஒன்பதாம் பிரிவில் விடுபட்ட சொல்

பழைய கொடியை இறக்கிப் பதினோரு வருஷமாகியும் புதுக் கொடிக்கு ஒரு புதுக் கம்பம் நடமுடியாத அளவுக்குக் கஜானா காய்ந்துபோன ஒரு நாடு இருந்தது. பொதுவுடைமை ஆட்சி போகும்போது தலைவர்களின் படங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போனது, கடனை மட்டும் மறந்துபோய் விட்டுவிட்டுப் போனது. அந்த நாட்டின் நிதி அமைச்சகத்தில், மூன்றாம் மாடியில், பல் கிட்டிப்போகும் குளிரில், காதை மூடிய கம்பளித் தொப்பியோடு சட்டங்களின் வாக்கியங்களை எழுதிக்கொண்டிருந்தாள் வெசேலா. அவர்கள் மொழியில் வெசேலா என்றால் சிரித்த முகத்துக்காரி என்று பொருள். பெயர் வைக்கிறவர்களுக்கு என்ன தெரியும், பாவம்.

பிப்ரவரி கடைசியில் ஓய்வூதியச் சீர்திருத்தச் சட்டம் அவள் மேஜைக்கு வந்தது. அதுவரை ஆலைத் தொழிலாளி இருபத்தைந்து வருஷம் உழைத்திருந்தால் போதும், அவருக்கு ஓய்வூதியம் உண்டு, அவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு உண்டு. இனி முப்பது வருஷம். ஒன்பதாம் பிரிவு இப்படி இருந்தது: "உயிரோடுள்ள ஆலைப் பணியாளர் ஒவ்வொருவரும் முப்பது ஆண்டுப் பணியை முடித்தே தீரவேண்டும், அதன் பிறகே ஓய்வூதியம் வழங்கப்படும்." கடன் கொடுப்பவர்கள் அனுப்பியிருந்த ஆலோசகர் ஹார்ட்லி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் மிச்சம் பிடித்தது போதவில்லை, நாட்டு வருமானத்தில் ஒரு விழுக்காட்டில் பத்தில் நான்கு பங்கு இடிக்கிறது, அது சரியாகாமல் அடுத்த தவணைக் கடன் வராது என்றார். சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். வெசேலா ஒன்பதாம் பிரிவை மூன்று முறை படித்தாள். பிறகு அடிக்கோலை வைத்து, பென்சிலால், "உயிரோடுள்ள" என்ற சொல்லை நேர்க்கோடு போட்டு அடித்தாள். அந்தச் சொல் இருக்கிறவரை பழைய சாவுகளுக்குப் பழைய கணக்கு. அது போய்விட்டால், இருபத்தைந்து முடித்து முப்பதைத் தொடாமல் செத்துப்போன அத்தனை பேரின் வீட்டுக்கும் மாதப் பணம் நின்றுவிடும். ஹார்ட்லி திரும்பி வந்து புதுக் கணக்கைப் பார்த்து, அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். நாடாளுமன்றத்தில் முந்நூறு பக்கக் கட்டை யாரும் பிரிக்கவில்லை, கையை மட்டும் தூக்கினார்கள்.

மார்ச் முதல் தேதி காலை ஆறு மணிக்கு, தலைநகரத்திலிருந்து ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் இருந்த சிவோரெக் என்ற சிமெண்டு ஆலை ஊரில், ஆலைச் சங்கு ஊதியதும் கல்லறை மேட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு பேர் இறங்கி வேலைக்கு வந்தார்கள்.

கூட்டமாக, பேச்சில்லாமல், இறங்கு பாதையில் வழுக்காமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சுண்ணாம்புக் குவாரியில் பாறை விழுந்து செத்தவர்கள், சூளை வெடித்துச் செத்தவர்கள், பெரும்பாலும் நெஞ்சில் தூசி அடைந்து இருமி இருமிச் செத்தவர்கள், அவர்களோடு சாக்கு தைக்கும் பகுதியில் வேலை பார்த்த பெண்கள் ஒன்பது பேர். காவலாளி முதலில் இரவு ஷிப்டுக்காரர்கள்தான் ஏதோ மறந்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள் என்று நினைத்தான், ஏனென்றால் சிவோரெக்கில் உயிரோடு இருப்பவர்களும் அதே சாம்பல் நிறம்தான். பெயரைக் கேட்டான், சொன்னார்கள். டைம் ஆபீசில் எந்தக் காகிதத்தையும் எறிந்து பழக்கமில்லாததால் எல்லாருடைய அட்டையும் அப்படியே இருந்தது. அட்டையில் நேரம் குத்திக்கொண்டு உள்ளே போனார்கள். ஆலையை அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்த புது முதலாளி விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து, அணைத்துப்போட்டிருந்த இரண்டாவது சூளையை அன்றைக்கே பற்றவைத்தார்.

ஊர் பயந்ததா என்றால், அன்று காலை பத்து மணிவரை பயந்தது. அதற்கு மேல் பயப்பட நேரமில்லை. அந்த ஊரில் ஒருவர் செத்தால் அவர் படத்தோடு ஒரு தாளை அச்சடித்து வீட்டுக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள், நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, வருஷா வருஷம் ஒன்று. வேலைக்குப் போகிற வழியில் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்து அவர்கள் சங்கடப்படக் கூடாதே என்று, பெண்கள் வெந்நீர்ச் சட்டியும் கரண்டியுமாகக் கிளம்பி ஒரே நாளில் அத்தனை தாளையும் சுரண்டி எடுத்தார்கள். ஆத்மசாந்திப் பூசைக்கு ஐந்து வருஷத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் பாதிரியாரிடம் போய் மீதியைத் திருப்பிக் கேட்க, அவர் காது கேட்காதவர்போல் மணியடிக்கப் போய்விட்டார். தொழிற்சங்கம் செத்தவர்களுக்குத் தனிக் கிளை தொடங்கி, தலைவர் பதவிக்கு இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டது. மறுமணம் செய்திருந்த இரண்டு மூன்று பேர் வாரம் முழுக்க வெளியே தலைகாட்டவில்லை. பிறகு அவர்களும் மற்றவர்களைப் போல மதியம் தூக்குப் பாத்திரத்தோடு ஆலை வாசலுக்கு வந்தார்கள், புதுப் புருஷன் ஒருவன் கூடவே குடைபிடித்துக்கொண்டு வந்தான்.

ஆலை வாசலுக்குத்தான் வரமுடியும். வந்தவர்கள் யாரும் வீட்டுக்கு வரவில்லை. சட்டத்தில் பணி என்று எழுதியிருந்ததே தவிர வீடு என்று எழுதியிருக்கவில்லை. ஷிப்டு முடிந்ததும் மேட்டுக்குப் போனார்கள், சங்கு ஊதியதும் இறங்கினார்கள், நடுவில் மதியம் அரை மணி நேரம் மட்டும் வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாப்பிட முடியாது. ஆனாலும் பீன்ஸ் சூப்பை ஊற்றிக் கொடுத்தால் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சூடு ஆறும்வரை வைத்திருந்தார்கள், அதைப் பார்க்கவே சிவோரெக்கின் பெண்கள் காலையிலிருந்து சமைத்தார்கள்.

அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர் தோப்ரின், சூளைக்காரர், ஒன்பது வருஷம் முன்னால் நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தவர், இருபத்தாறு வருஷமும் நாலு மாதமும் வேலை பார்த்தவர், வெசேலாவின் அப்பா.

தலைநகரத்தில் செய்தித்தாளைப் பிரித்த வெசேலா பெயர்ப் பட்டியலில் அப்பாவைத் தேடினாள். மற்றவர்கள் எண்களைத் தேடினார்கள். சிமெண்டு உற்பத்தி ஏறிவிட்டது என்று மந்திரி தொலைக்காட்சியில் பூரித்துப்போனார். சீர்திருத்தம் மக்களிடம் உழைக்கும் ஆர்வத்தை எழுப்பியிருக்கிறது, யாரை எழுப்பியிருக்கிறது என்பது நுணுக்கமான கேள்வி என்றார். ஹார்ட்லி, வேலை செய்யும் வயதினரில் நூற்றுக்கு நூற்று மூன்று பேர் வேலை செய்வது உலகிலேயே இங்குதான் என்று மேலிடத்துக்கு எழுதினார். எதிர்க்கட்சி கொதித்தெழுந்தது, செத்தவர்கள் உழைக்கலாமா என்று கேட்கவில்லை, உழைப்பவர்களுக்கு ஓட்டு எங்கே என்று கேட்டது. கடைசியில் யாரோ ஒரு உறுப்பினர் ஒன்பதாம் பிரிவைப் படித்துத் தொலைத்துவிட்டு, "உயிரோடுள்ள" என்று இருக்கவேண்டாமா, அது எங்கே போயிற்று என்று எழுந்து நின்றார்.

மந்திரி அறைக்கு வெசேலாவைக் கூப்பிட்டார்கள். அவள் வாயிலிருந்து தானாக வந்தது. "அச்சுப் பிழைங்க."

அந்த நாட்டில் அதைவிட வசதியான சொல் கிடையாது. பழைய ஆட்சியில் ரொட்டி கிடைக்காததும் அச்சுப் பிழை, ஆள் காணாமல் போனதும் அச்சுப் பிழை; கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மந்திரியும் தலையாட்டினார், நாடாளுமன்றமும் தலையாட்டியது. அரசிதழ் அச்சகத்தில் முப்பத்தோரு வருஷமாக எழுத்துக் கோர்த்த லூபென் என்பவரை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் அமைச்சகப் படியில் நின்று, கையெழுத்துப் பிரதியைக் காட்டுங்கள், அதில் இல்லாத சொல்லை நான் எப்படி விடுவேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வெசேலா பின்வாசல் வழியாகப் போனாள்.

பிழை என்றால் திருத்தவேண்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. மாறாக ஏப்ரல் கடைசியில், இவ்வளவு நன்றாகப் போகிற ஒன்றை முப்பதோடு நிறுத்துவானேன், முப்பத்தைந்தாக ஆக்கலாம் என்று முடிவாயிற்று. முதலில் நேரில் போய் ஒரு அறிக்கை எழுதி வா, பிறகு திருத்தச் சட்டத்தை எழுதலாம், உன் சொந்த ஊர்தானே என்று வெசேலாவை ரயிலேற்றினார்கள்.

அம்மா ரட்கா அவளைக் கட்டிக்கொண்டாள். பத்து வயது குறைந்ததுபோல் இருந்தாள், உதட்டில் சாயம்கூடப் பூசியிருந்தாள். "உங்கப்பாவோட பூட்சை யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டேண்டி. மொத நாளே எங்கடி என் பூட்சுன்னு கேட்டாரு. வெட்கமாப் போச்சு. சந்தையில புதுசு வாங்கிக் குடுத்தேன். காலைக் கடிக்குதாம்!" சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பணம் ஏதும்மா உனக்கு? மாசப் பணம்தான் நின்னுடுச்சே."

"நின்னா என்ன. நீ அனுப்பறதில்ல? அப்பாவுக்கு இன்னும் மூணரை வருஷம்தான், முடிச்சா எல்லாம் வந்துடும்." பிறகு மூலையில் எரிந்த மெழுகுவர்த்தியைக் காட்டினாள். "அந்த அச்சாபீஸ்காரரு, லூபெனாமே, வேலை போயிடுச்சாம். அவருக்காகத்தான் ஏத்தறேன். தப்புப் பண்ணி என் மனுஷனைத் திருப்பிக் குடுத்தாரு, அந்தக் கை நல்லா இருக்கணும்."

வெசேலா தன் கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். திட்டினால் தாங்கியிருப்பாள். வாழ்த்து விலாசம் மாறிப்போய்க் கொண்டிருந்தது, அதுதான் அவளைக் கொன்றது.

மறுநாள் மதியம் பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். அம்மா கிண்ணத்தில் சூப்பை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, மகளும் அப்பாவும் பேசட்டும் என்று பக்கத்து வீட்டு ஸ்டாங்காவோடு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள். தோப்ரின் முகமெல்லாம் சிமெண்டுத் தூசி, இமைமுடியிலும் தூசி. மகளைப் பார்த்துச் சிரிக்கப் போனார், இருமல் வந்துவிட்டது. அந்த இருமலை வெசேலாவுக்குத் தெரியும். ஒரு குளிர்காலம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்து, ஒரு விடியலில் நின்றுபோன இருமல்.

"அது மறுபடியும் வந்துடுச்சாப்பா?"

"தூசி இருந்தா வரத்தானே செய்யும்." வாயைத் துடைத்துக்கொண்டார். "மேல ஒன்பது வருஷம் சுத்தமா இல்ல. நெஞ்சு லேசா இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லாத, பாவம், சந்தோஷமா இருக்கா."

"மேட்டுக்குப் போனா தூக்கம் வருதா?"

"எங்க வருது. காலையில சங்கு ஊதுமேன்னு படுத்திருக்கணும்." கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "வெசா, நீ பெரிய ஆபீஸ்ல இருக்க. யாருகிட்டயாவது சொல்லி அந்த வார்த்தையைத் திரும்பப் போடச் சொல்லேன். ஒரு வார்த்தைதானே. நான் எனக்காகக் கேக்கலை. சூளையில செத்த அந்தோன் இருக்கான் பாரு, அவனை அதே சூளைக்கு முன்னாடி நிறுத்தியிருக்காங்க."

சொல்லிவிடக் கூடாது என்றுதான் ஒன்பது மணி நேரமும் ரயிலில் தீர்மானித்து வந்திருந்தாள். "அச்சுப் பிழை இல்லப்பா," என்றாள். "நான்தான் அடிச்சேன்."

அவர் கிண்ணத்தைப் பெஞ்சில் வைத்தார். "தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

கோபப்படுவார் என்று காத்திருந்தாள், அவர் ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் வேலை விவரம் கேட்பதுபோல் கேட்டார். "எவ்வளவு மிச்சமாச்சு?"

"விழுக்காட்டுல பத்துல நாலு பங்கு."

"அதை வெச்சு என்ன பண்ணீங்க? ஆஸ்பத்திரியா? ரோடா?"

"பழைய கடனுக்கு வட்டி கட்டினோம்ப்பா."

"எந்தக் கடன்?"

அவளுக்கு அது தெரிந்திருந்தது. பழைய ஆட்சி இந்த ஆலைக்குச் சூளைகள் வாங்கிய கடனும் அதில் இருந்தது. எதிரே புகைந்துகொண்டிருந்த சூளைகள். கையை நீட்டிக் காட்டினாள். தோப்ரின் திரும்பிப் பார்த்தார், தன் இருபத்தாறு வருஷத்தையும் நாலு மாதத்தையும் பார்த்தார். சங்கு ஊதியது. "நேரமாச்சு," என்று எழுந்தார். நாலடி போய்விட்டுத் திரும்பி, "அம்மாவுக்கு நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்," என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவளும் அன்று அம்மாவிடம் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை, சாயங்கால ரயிலைப் பிடித்துவிட்டாள்.

அமைச்சகத்தில் உட்கார்ந்து திருத்தச் சட்டத்தை எழுதினாள். முப்பத்தைந்து என்று எழுதவேண்டிய இடத்தில் முப்பதையே விட்டுவைத்தாள். ஒன்பதாம் பிரிவின் தொடக்கத்தில் "உயிரோடுள்ள" என்று சேர்த்தாள். பக்கம் பக்கமாக ஹார்ட்லி படிப்பது இணைப்பிலிருந்த கணக்கு அட்டவணைகளை மட்டும்தான், பிரிவுகளின் சொற்களை அவர் தொட்டதில்லை. நாடாளுமன்றம் வழக்கம்போல் கையைத் தூக்கியது. பிறகு அரசிதழின் கடைசிப் பக்கத்துக்கு, பிழை திருத்தம் என்று வெளியிடுவார்களே, அந்தக் கட்டத்துக்கு, நாலு வரி எழுதித் தன் கையாலேயே அச்சகத்தில் கொடுத்தாள்: "மார்ச் மாதச் சட்டத்தில் ஒன்பதாம் பிரிவில் ஒரு சொல் விடுபட்டது அச்சுப் பிழை அல்ல. கையெழுத்துப் பிரதியிலேயே அது அடிக்கப்பட்டிருந்தது. எழுத்துக் கோர்த்த லூபென் மீது எந்தத் தவறும் இல்லை. அடித்தது நான். வெசேலா தோப்ரினோவா." அப்படியொரு பிழை திருத்தத்தை அந்த நாடு அதுவரை கண்டதில்லை. லூபெனைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் நாலு நாள் வீம்பு பண்ணிவிட்டு வந்தார். வெசேலாவை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பினார்கள். கடன் தவணை நின்றது, மந்திரி மாறினார், புது மந்திரிக்கு இன்னொரு ஹார்ட்லி வந்தார், விழுக்காட்டில் பத்தில் நான்கு பங்கை வேறு யாருடைய வயிற்றிலோ தேடத் தொடங்கினார்கள்.

சிவோரெக்கில், திருத்தச் சட்டம் வெளியான வியாழக்கிழமை மதியம், பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. காலையில் சங்கு ஊதியபோது இறங்கி வந்தார்கள், அட்டையைக் குத்தினார்கள், பத்தரைக்கு அரசிதழ் ரயிலில் வந்து தபால்காரர் கட்டைப் பிரித்தபோது இரண்டாவது சூளைக்கு முன்னால் நின்ற மண்வெட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. யாருக்கும் விடைபெற நேரம் கிடைக்கவில்லை. வாசலில் நூற்றுக்கு மேற்பட்ட தூக்குப் பாத்திரங்கள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. பெண்கள் சங்கு மறுபடி ஊதும்வரை நின்றுவிட்டுக் கலைந்தார்கள். மாதப் பணம் திரும்ப வரும் என்று தபால்காரர் கூவிக் கூவிச் சொன்னார், யார் காதிலும் ஏறவில்லை.

அன்று சாயங்காலம் வெசேலா வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் அரசிதழின் கடைசிப் பக்கம், அதன்மேல் மூக்குக் கண்ணாடி. மெழுகுவர்த்தியை அணைத்திருந்தாள். சாயம் இல்லாத உதடு வெளுத்துக் கிடந்தது.

"அப்பா இருமினாரும்மா," என்றாள் வெசேலா, நின்றபடியே. "மறுபடியும் நெஞ்சு அடைச்சுது. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு."

"எனக்குத் தெரியாதா? நாப்பது அடி தள்ளி நின்னா காது கேக்காதா?" ரட்கா பாத்திரம் துடைக்கும் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "தெரிஞ்சும் தினம் போய் உட்கார்ந்தேன். சூப்பு ஊத்திக் குடுத்தேன். நானும் விடலையே அவரை. போகட்டும், அவரு போனதை நான் ஒரு தடவை தாங்கினவ, இன்னொரு தடவையும் தாங்கிக்குவேன். நீ ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த வார்த்தைய அடிச்சப்போ என்னை நினைச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேலை அவசரத்தில் தோன்றவில்லை என்று சொல்லியிருந்தால் அம்மா அழுதுவிட்டுத் தட்டு எடுத்து வைத்திருப்பாள். வெசேலா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நினைச்சேம்மா. உன் பணமும் நிக்கும்னு தெரியும். என் சம்பளத்துல அனுப்பிச் சரிக்கட்டிடலாம்னு நினைச்சுட்டுத்தான் அடிச்சேன்."

"பக்கத்து வீட்டு ஸ்டாங்காவுக்கு?"

"அவங்களை நினைக்கலை."

"மேலத்தெரு அந்தோன் பொண்டாட்டிக்கு?"

"யாரையும் நினைக்கலை. என் நினைப்பு உன்னோட நின்னுடுச்சு."

ரட்கா எழுந்து, மகளின் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டாள், சின்ன வயதில் பள்ளிக்கு அனுப்பும்போது போடுவதைப் போல. ஆனால் முகத்தில் அந்த இளக்கம் இல்லை. "அரசிதழை இந்த ஊர்ல எத்தனை பேரு படிக்கிறாங்க? எல்லாரும் இன்னும் அந்த லூபெனைத்தான் சொல்லிட்டிருக்காங்க. போ. ஒவ்வொரு வீடாப் போ. சொல்லிட்டு வா. சாப்பாடு இருக்கும்."

"நூத்துப் பன்னிரண்டு வீடும்மா."

"நூத்துப் பதினொண்ணு. இங்க சொல்லியாச்சு."

வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. ஸ்டாங்காவின் வீட்டுக் கதவில் தாளைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசையின் கறை சதுரமாகத் தெரிந்தது. வெசேலா கதவைத் தட்டினாள். ஸ்டாங்கா திறந்தாள், அழுத கண், கையில் கழுவாத தூக்குப் பாத்திரம். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வெசாவா! எப்போ வந்தே கண்ணு? ஏன் குளிர்ல நிக்கறே, உள்ள வா, அடுப்புல சூப்பு அப்படியே இருக்கு, நீயாவது ஒரு வாய் சாப்பிடு."

உள்ளே போய் உட்கார்ந்து அந்தக் கிண்ணத்தை வாங்கிவிட்டால் அப்புறம் சொல்ல வாய் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

"இல்ல அத்தை," என்றாள். "நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் கூப்பிடுங்க."